தோட்டத்துத் தண்ணியும் ரெண்டு வயசுப் பிள்ளையும்

கேள்வி, 06.04.2025

ஈரோட்டு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மே மாதம் அப்பாவின் தோட்டத்துச் சாளைக்கே (தோட்டத்து வீடு) குடிவருகிறோம். மகனுக்கு இரண்டேகால் வயது. 70 அடிக் கிணறு இருக்கிறது, சுற்றுச்சுவர் இடுப்பளவு. அப்பா சொல்கிறார்: “நீங்கெல்லாம் இந்தத் தோட்டத்துல வளந்தவங்கதான, ஒண்ணும் ஆகலயே. நாலு நாள் தண்ணியில பழக்கி உட்டாச் சரியாப் போயிரும்.” கிணற்றுக்கு மேலே இரும்பு வலை போட்டுவிட்டால் போதுமா?

06.04.2025, இரவு 10.15

போதாது. வலையைக் கட்டாயம் போடுங்கள். ஆனால் கிணற்றை மூடியதும் “அப்பாடா” என்று ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் எங்களை ஏமாற்றியது.

நாங்கள் கோபி பக்கம். கிணறு ஒன்று, மாடு நாலு, வரப்பை ஒட்டிக் கீழ்பவானிக் கிளை வாய்க்கால். பாப்பா தவழ ஆரம்பித்ததுமே வீட்டுக்காரர் கிணற்றைச் சுற்றி ஆங்கிள் நட்டு, மேலேயும் வலை போட்டுப் பூட்டினார். 2023 நவம்பரில் அவளுக்கு ஒரு வருடம் பத்து மாதம். சாயங்காலம் கட்டுத்தரையில் பால் கறந்துகொண்டிருந்தேன். அவள் வாசலில் அப்பத்தாவோடு இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். கட்டுத்தரையில் என்னோடு இருக்கிறாள் என்று அத்தை நினைத்தார். எங்கள் இருவருக்கும் நடுவே இருபது அடிகூட இருக்காது.

காலில் கொலுசு போட்டிருந்தாள். போசியில் பால் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொலுசுச் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. செவலை மாடு தண்ணித் தொட்டிப் பக்கம் தலையைத் திருப்பி உஸ்ஸென்று மூச்சு விட்டது. நானும் திரும்பிப் பார்த்தேன். தொட்டி விளிம்பில் வயிறு, வெளியே இரண்டு கால், தலை உள்ளே. கால் உதறக்கூட இல்லை. தூக்கினதும் இருமினாள், தவிட்டுத் தண்ணியைக் கக்கினாள், அதற்கப்புறம்தான் அழுதாள். தொட்டியில் இருந்தது முக்கால் அடித் தண்ணி.

கிணறு பூட்டியேதான் இருந்தது.

07.04.2025, காலை 6.50

நேற்று எழுதி முடித்ததும் தூக்கம் வரவில்லை. சொல்ல வந்ததைப் பாதிதான் சொன்னேன்.

குடிவருவதற்கு முன்னால் ஒரு நாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு தோட்டம் முழுக்க நடங்கள். நின்றபடி பார்த்தால் பாதி கண்ணில் படாது. குத்தவைத்து, பையன் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து பாருங்கள். தொட்டி நடந்த மறுநாள் நாங்கள் அப்படிப் பார்த்தோம். கிணறு, வாய்க்கால் தவிர இன்னும் ஒன்பது இடம் இருந்தது. கழனித் தொட்டி, சம்ப் மூடி, பாத்ரூம் வாளி, கோழிக்குத் தண்ணி வைக்கிற அகலச் சட்டி, கிணற்று மோட்டாரிலிருந்து தண்ணி விழுகிற தொட்டி, இப்படி.

இரண்டு இடத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் இவற்றைத் தண்ணியாக நினைப்பதில்லை.

ஒன்று, ஜீவாமிர்தம் (சாணம் கரைத்த இயற்கை உரம்) போடுகிற 200 லிட்டர் நீல டிரம். ஈரச் சாக்கைத்தான் மேலே போட்டு மூடுகிறோம், காற்றுப் போக வேண்டும் என்று. அதை வாசற்படிக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம், காலையும் மாலையும் கலக்க வசதியாக. படியில் ஏறி நின்றால் டிரம் வாய் பிள்ளையின் இடுப்புக்கு வரும். இப்போது டிரம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சாக்குக்கு மேல் கம்பி வலை போட்டுக் கயிற்றில் கட்டுகிறோம்.

இரண்டாவது சாண எரிவாயுக் கலனின் வெளிவாய்க் குழி. சாணக் கரைசல் மேலே ஆடை கட்டிக் காய்ந்துவிட்டால் தரை மாதிரியே இருக்கும். மேலே உமியும் சருகும் பறந்து விழுந்துவிட்டால் பெரியவர்களுக்கே வித்தியாசம் தெரியாது. கோழி அதன் மேல் நடந்து போகும், பிள்ளை கோழியைத் துரத்திக்கொண்டு போகும். சிலாப் போட்டு மூடினோம். மூடுகிற வேலைக்கும் குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள், உள்ளே தேங்கும் வாயு ஆளை மயக்கிவிடும்.

07.04.2025, பகல் 1.30

முக்கால் அடியில் எப்படி மூழ்க முடியும் என்று கீழே கேட்டிருக்கிறார்கள். மூக்கும் வாயும் மூடுகிற அளவு தண்ணி போதும். இந்த வயதில் உடம்போடு பார்த்தால் தலைதான் கனம். எட்டிப் பார்க்கையில் தலை முன்னால் போய்விட்டால், கையை ஊன்றி உடம்பைத் திரும்ப எடுக்கிற பலம் இருக்காது. வாய் தண்ணிக்குள் இருப்பதால் கத்தவும் முடியாது. விழுந்தால் சத்தம் கேட்கும், அழுகுரல் கேட்கும் என்று காத்திருக்கிறோமே, அந்தச் சத்தம் வராது.

கொலுசை அதற்கப்புறம் கழற்றிவிட்டேன். அத்தைக்குச் சங்கடம்தான். “சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா எங்கிருக்கான்னு தெரியுமில்ல கண்ணு” என்றார். சத்தம் கேட்பதாக நாமே நினைத்துக்கொள்கிறோம் அத்தை என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

13.04.2025

உங்கள் அப்பா சொன்ன “பழக்கி விடுறது” பற்றி. ஒரு வாரமாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் என் அப்பாவும் அந்தக் கட்சிதான்.

நான் நீச்சல் கற்றது ஏழு வயதில். இடுப்பில் இரண்டு சுரைப்புருடை (மிதக்கிற காய்ந்த சுரைக்குடுக்கை), அதற்கு மேல் ஒரு கயிறு, கயிற்றின் நுனி அப்பா கையில். அப்பா கிணற்றுப் படியில் உட்கார்ந்திருப்பார், கண்ணை எடுக்க மாட்டார். புருடை ஒன்றாகக் குறைந்து, பிறகு கயிறு மட்டும், பிறகு கயிறும் இல்லை. ஒரு கோடை விடுமுறை முழுக்க ஆனது. அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். என் பிள்ளைகளுக்கும் அப்பாதான் கற்றுத்தரப் போகிறார்.

ஆனால் ஏழு வயதுக்குப் புத்தி இருந்தது. ‘அப்பா இல்லாதபோது இறங்கக் கூடாது’ என்பது மண்டையில் ஏறும். உலக சுகாதார நிறுவனமும் நீச்சலையும் தண்ணிப் பாதுகாப்பையும் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்குத்தான் சொல்கிறது. பள்ளிக்குப் போகாத குழந்தைகளுக்கு அவர்கள் சொல்வது தடுப்பு, பார்த்துக்கொள்ள ஒரு ஆள், தண்ணிக்குத் தள்ளி ஒரு இடம். இரண்டு வயதுக் குழந்தையை நாலு நாள் தொட்டியில் விளையாட விட்டால் நீச்சல் வராது, பயம்தான் போகும். தொட்டி நடப்பதற்கு முந்தின மாதம் முழுக்க வெயிலுக்கு இதமாக அவளை அதே தொட்டியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டினது நான்தான். அவளாக மறுபடி அங்கே போனாள் என்றால் பழகின இடம் என்றுதான் போனாள்.

20.04.2025

சுற்றுச்சுவர், வலை பற்றி அளவு கேட்டிருந்தீர்கள்.

ஆஸ்திரேலியாவில் நீச்சல் குளத்து வேலிக்குச் சட்டப்படி குறைந்தது 1.2 மீட்டர் உயரம் வேண்டும், ஏறக்குறைய நம் நாலடி. கம்பிக்குக் கம்பி 10 சென்டிமீட்டருக்கு மேல் சந்து இருக்கக் கூடாது, கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். அதை எங்கள் அளவாக எடுத்துக்கொண்டோம். இடுப்பளவுச் சுவர் என்றீர்கள். யார் இடுப்பு? என் இடுப்புக்குச் சுவர் மூன்றடிதான் வருகிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு தீவன மூட்டையோ, மோட்டார் பெட்டியோ, துணி துவைக்கிற கல்லோ இருந்தால் ஒன்றரை அடிச் சுவர்தான் மிச்சம். சுவரைச் சுற்றி நாலடிக்கு ஒரு சாமானும் இருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வைர வடிவக் கண் உள்ள கம்பி வலை விலை குறைவு, எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள். மூன்று வயதுக் கால்விரலுக்கு அந்தக் கண் நல்ல படிக்கட்டு. பாப்பா பாதி ஏறிவிட்டாள், நானே பார்த்தேன். வலைக்கு வெளிப்பக்கம் நிழல்வலையை இழுத்துக் கட்டினோம், கால் வைக்க இடமில்லாமல் போய்விட்டது. மூங்கில் தப்பையைச் செங்குத்தாக, நாலு விரல் சந்துவிட்டு அடித்தாலும் ஏற முடியாது. குறுக்குச் சட்டத்தைக் கிணற்றுப் பக்கமாக அடியுங்கள். பிள்ளை நிற்கிற பக்கம் அடித்தால் அதுவே ஏணி.

பண்ணைக்குட்டை இருப்பவர்களுக்கு: அதைக் கிணற்றைவிடப் பொல்லாதது என்றே நினைக்கிறேன். கருப்புத் தார்ப்பாய் விரித்த குட்டையில் சரிவு முழுக்க வழவழப்பு, கொஞ்ச நாளில் பாசியும் பிடித்துவிடும். பக்கத்துத் தோட்டத்துக் குட்டையில் ஒரு நாய் விழுந்து, வெளியே ஏற முடியாமல் சுற்றிச் சுற்றி நீந்தியது. நல்லவேளை யாரோ பார்த்துத் தூக்கினார்கள். வளர்ந்த ஆளுக்கும் அதே கதிதான். நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு அல்லது பழைய டயர்களைச் சங்கிலியாகக் கட்டித் தண்ணிக்குள் தொங்கும்படி விடுங்கள். அது பெரியவர்கள் ஏறிவர. பிள்ளைகளுக்கு வேலி ஒன்றுதான்.

04.05.2025

ஒரு மாதம் எழுதினதை ஒரு தரம் வாசித்தேன். எல்லாம் தண்ணியை மூடுகிற கதையாகவே இருக்கிறது. வாய்க்காலை என்ன செய்வது? 200 கிலோமீட்டர் ஓடுகிற கால்வாய், அதற்குக் கிளை, கிளைக்குக் கிளை. மழை பெய்தால் ஜேசிபி தோண்டின குழியெல்லாம் குட்டை. தோட்டத்தில் இருக்கிற எல்லாத் தண்ணிக்கும் வேலி போட முடியாது.

இதை எங்களுக்குச் சொன்னது மாமனார். தொட்டி நடந்த வாரம் திண்ணையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: “ஆட்டுக்குட்டியக் கொடாப்புல போட்டு மூடறோம். கோழிக்குஞ்சுக்குப் பஞ்சாரம். கன்னுக்குட்டிக்கு முளைக்குச்சி. பொறந்ததுல நம்ம பிள்ளைய மட்டும் அவுத்து உட்டுட்டோம்.”

அடுத்த ஞாயிறு அவரே மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தார். வாசலையும் வேப்ப மரத்தடியையும் சேர்த்து ஒரு பட்டி. நாலடி உயரம், கதவுக்குப் படல். உள்ளே மணல், ஒரு கயிற்று ஊஞ்சல், உடைந்த சைக்கிள் டயர். தண்ணி ஒரு சொட்டு கிடையாது, குடிக்கிற தண்ணி மட்டும் மூடி போட்ட பாட்டிலில். ஊரில் சிரித்தார்கள், பிள்ளையைப் பட்டியில் அடைக்கிறார்கள் என்று. ஆஸ்திரேலியப் பண்ணைகளில் வீட்டையொட்டி இப்படி வேலி போட்ட விளையாட்டு இடம் இருக்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிவருகிறார்களாம், அங்கே சின்னப் பிள்ளைகள் அணைக்குட்டையில் மூழ்குவது அவ்வளவு நடந்திருக்கிறது. எனக்கு இது பிற்பாடுதான் தெரியும். மாமனாருக்கு இன்னும் தெரியாது, ஆட்டுப்பட்டியைப் பார்த்துத்தான் செய்தார்.

இரண்டு தோட்டம் தள்ளி இருக்கிறவர் போன மாசம் வந்து அளவெடுத்துக்கொண்டு போனார்.

05.05.2025

பட்டியோடு சேர்த்து இன்னொன்று செய்தோம். என்னைக் கேட்டால் பட்டியைவிட இதுதான் பெரிது. பிள்ளையைப் பார்க்கிற பொறுப்பை ஒருவர் தலையில் சுமத்துவது.

எல்லாரும் வீட்டில் இருக்கிற நேரம்தான் ஆபத்து. ஐந்து பேர் பார்த்துக்கொள்கிறோம் என்றால் ஒருத்தரும் பார்க்கவில்லை. நோம்பி, விருந்து, அறுவடை நாள், மஞ்சள் வேகவைக்கிற நாள், இந்த நாட்களில் எனக்குப் பக்கென்று இருக்கும்.

ஒரு சிவப்புத் துண்டு வைத்தோம். துண்டு யார் தோளில் இருக்கிறதோ அவர் பொறுப்பு. அவர் மாட்டைப் பிடிக்கப் போக வேண்டும் என்றால், துண்டை இன்னொருவர் தோளில் போட்டுவிட்டுத்தான் போகணும். அத்தைக்கு முதலில் கோபம். “நாலு பிள்ளை வளத்தவ, எனக்குத் துண்டு போட்டுக் காவலா?” என்று ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அவர் மேல் குற்றம் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். இல்லை அத்தை, அன்றைக்குத் துண்டு யார் தோளிலும் இல்லை, நம் ரெண்டு பேர் தப்பும்தான் என்றேன். மறுநாள் காலையில் அவராகவே துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

11.05.2025

மேலே ஒருவர் “இதெல்லாம் வேலையில்லாதவர்கள் செய்வது, நாங்கள் இரண்டு பேரும் காட்டு வேலைக்குப் போகிறோம்” என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வது நியாயம். அவருக்குத்தான் இந்தக் குறிப்பு.

வங்காளதேசத்தில் வீட்டுக்கு வீடு குட்டை. அங்கே சின்னக் குழந்தைகள் மூழ்கின நேரத்தைக் கணக்கெடுத்தபோது பெரும்பாலும் காலை 9 மணிக்கும் பகல் 1 மணிக்கும் நடுவே வந்தது. அம்மா சமையலிலும் வேலையிலும் இருக்கிற நேரம். அந்த நாலு மணி நேரத்துக்கு மட்டும் ஊருக்குள்ளேயே ஒரு வீட்டில், பயிற்சி பெற்ற ஒரு பெண்ணிடம் பிள்ளைகளை விடுகிற ஏற்பாடு செய்தார்கள். ஆஞ்சல் என்று பேர், முந்தானை என்று அர்த்தம். அங்கே விடப்பட்ட குழந்தைகளிடையே மூழ்கிச் சாவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. குட்டை ஒன்றைக்கூட மூடவில்லை.

நமக்கு அங்கன்வாடி இருக்கிறது. இரண்டு வயது முடிந்தால் சேர்த்துக்கொள்கிறார்கள். முட்டைக்கும் சத்துமாவுக்கும் என்றுதான் நாம் அதைப் பார்க்கிறோம். பகல் வேளையில் பிள்ளை தண்ணிக்குப் பக்கத்தில் இல்லை என்பதற்காகவே அனுப்பலாம். எங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் பாப்பாவை நான் அனுப்பின காரணம் அதுதான். இரண்டு வயது ஆகாத சின்னவனுக்கு, பக்கத்துத் தோட்டத்து அக்காவும் நானும் முறை வைத்துக்கொண்டோம். அவர் களை எடுக்கப் போகிற நாள் அவர் பேத்தியும் எங்கள் பட்டியில். நான் போகிற நாள் இவன் அவர்கள் வீட்டில்.

28.05.2025

05.05 அன்று எழுதின துண்டு விஷயத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

நேற்று ஊரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. சின்னவனுக்குப் பதினாலு மாதம், நடை புதிது. துண்டு என் கொழுந்தனார் தோளில் இருந்தது, என் கண்ணாலேயே பார்த்தேன். நிம்மதியாகச் சமையலுக்குள் போனேன். பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தால் துண்டு கொடிக்கயிற்றில் காய்கிறது. கொழுந்தனார் முகம் கழுவினாராம், வேர்வையைத் துடைத்துவிட்டுக் காயப்போட்டிருக்கிறார். துண்டு என்றால் துடைக்கத்தானே. சின்னவன் பட்டிக்குள்தான் இருந்தான், ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் கை நடுங்கியது.

துண்டை நம்பி மனுஷரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன் என்று புரிந்தது. இனி துண்டு கிடையாது, வாய்ச்சொல்தான். “தம்பி உங்ககிட்ட” என்று சொல்ல வேண்டும். அவர் “எங்கிட்ட” என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். தலையாட்டினால் கணக்கில்லை. “ம்” என்றாலும் கணக்கில்லை. போனில் இருக்கிறவரிடம் ஒப்படைக்கக் கூடாது. மூன்று வயதுப் பாப்பா இப்போது இதை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். தன் பொம்மையைத் தாத்தாவிடம் கொடுத்து, “எங்கிட்டன்னு சொல்லுங்க அப்பாரு” என்று நின்றுகொண்டே இருக்கிறாள், சொல்கிற வரைக்கும் கையை எடுப்பதில்லை.

15.06.2025

போர், அதாவது ஆழ்துளைக் கிணறு பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. தண்ணி இல்லாத குழிதான், ஆனாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

2019 தீபாவளிக்கு மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. அக்டோபர் 25 சாயங்காலம் விழுந்தவனை 29ஆம் தேதி விடியற்காலை உயிரில்லாமல் எடுத்தார்கள். அந்த நாலு நாளும் நம் வீடுகளில் யார் பட்டாசு வெடித்தோம், டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தோம். அது முடிந்த மறுவாரம் எத்தனை பேர் நம் தோட்டத்துப் பழைய போரைப் போய்ப் பார்த்தோம்?

உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லிவிட்டது. தோண்டுவதற்கு 15 நாள் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தோண்டுகையில் சுற்றி முள்கம்பி வேலி வேண்டும். குழாயைச் சுற்றித் தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டர் இருக்கும்படி கான்கிரீட் மேடை போட வேண்டும். குழாய் வாயை இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்தோ, போல்ட் போட்ட உறுதியான மூடியாலோ மூட வேண்டும். கைவிட்ட போரை மண், மணல், கூழாங்கல் போட்டு அடியிலிருந்து மேல்வரை நிரப்ப வேண்டும். தமிழ்நாட்டிலும் 2015ல் இதற்கென்று தனி விதிகள் வந்தன.

சாக்கைத் திணித்து மேலே கல்லை வைப்பது மூடுவதல்ல. நிரப்பின போர்கூட இரண்டு மழைக்கு உள்வாங்கும், போய்ப் பார்த்து மறுபடி மண் போட வேண்டும். எங்கள் மாமனார் 90களில் போட்ட தண்ணி வராத போர் ஒன்று எங்கே இருந்தது என்றே மறந்திருந்தது. பருத்திச் செடிக்கு நடுவில் ஒரு நாள் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்தோம். மேலே ஒரு ஓட்டுத் துண்டு இருந்தது.

22.06.2025

விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று பல பேர் கேட்டாயிற்று. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் எனக்கும் அத்தைக்கும் பொம்மை வைத்துச் செய்துகாட்டினார். வாசித்தால் போதாது, இப்படி ஒரு தரம் கையால் செய்து பழகுங்கள்.

செய்யக் கூடாதது முதலில். தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். வயிற்றை அமுக்கித் தண்ணி எடுக்காதீர்கள். நம் பக்கம் பானை மேல் குப்புறப் போட்டு உருட்டுவார்கள், உப்பில் புதைப்பார்கள். அந்த நிமிஷங்கள்தான் பிள்ளைக்குத் தேவையான நிமிஷங்கள். வேண்டியது காற்று.

கூப்பிட்டு அசைவில்லை, மூச்சில்லை என்றால் கெட்டியான தரையில் மல்லாத்திப் போட்டு, தலையை லேசாகச் சாய்த்து மோவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், நெஞ்சு எழும்புகிற அளவு. தொடக்கத்தில் 5 மூச்சு என்று சொல்கிறவர்கள் உண்டு, 2 என்று சொல்கிறவர்களும் உண்டு. எதுவானாலும் தண்ணியில் மூழ்கினவருக்கு மூச்சில்தான் தொடங்க வேண்டும். பிறகு நடுநெஞ்சு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையை வைத்து, நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி 30 அமுக்கு, 2 மூச்சு, மறுபடி 30. நொடிக்கு இரண்டு அமுக்கு என்ற வேகம். 108ஐ ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்துவிட்டுச் செய்துகொண்டே இருங்கள், ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள்.

பிள்ளை தானாக இருமி எழுந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பாப்பாவை அன்று இரவே கூட்டிப்போனோம், விடியும் வரை வைத்துப் பார்த்தார்கள்.

இன்னொன்று. நீச்சல் தெரியாமல் பின்னாலேயே குதிக்காதீர்கள். நம் ஊர்ச் செய்திகளில் அண்ணன், அம்மா, சித்தி என்று ஒருவர் பின் ஒருவராகப் போன கதைதான் பாதி. எறியுங்கள். 20 லிட்டர் காலிக் கேன் மிதக்கும், கயிறு, தென்னை மட்டை, சேலை. 2020ல் பெரம்பலூர் பக்கம் கொட்டரை அணையில் மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பையன்களை இழுத்துக் காப்பாற்றினார்கள். எங்கள் கிணற்று வேலியில் கயிறு கட்டின கேன் ஒன்று எப்போதும் தொங்குகிறது. யாரும் மண்ணெண்ணெய்க்கு எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்வது பெரும்பாடு.

13.07.2025

உங்கள் அப்பா சொன்ன “ஒண்ணும் ஆகலயே” மூன்று மாதமாக மனதில் இருந்தது. அதற்குப் பதில் என்னிடம் இல்லை என்று நினைத்தேன். நேற்று கிடைத்தது.

மாசாந்திரக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அத்தை புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். இந்தத் தலைமுறைக்குத்தான் இவ்வளவு பயம் என்று நானாகத்தான் சொன்னேன். அத்தை கையை நிறுத்தாமலேயே, “எனக்குப் பொறகு ஒரு தம்பி இருந்தான், கண்ணு” என்றார். பதினைந்து வருடமாக இந்த வீட்டைத் தெரியும், ஒருவர் வாயிலும் அந்தத் தம்பி வந்ததில்லை. எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணியைக் கவலையில் இறைக்கிற காலம். தண்ணி விழுகிற தொட்டியில் கிடந்தானாம், மூன்று வயது. எருதை ஓட்டிக்கொண்டிருந்தது அவர் அப்பா. அதற்கப்புறம் அந்தப் பேரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அத்தையின் அம்மா மட்டும் ஒவ்வொரு ஆடி நோம்பிக்கும் ஒரு இலை கூடுதலாகப் போடுவாராம்.

பேர் என்ன என்று கேட்டேன். சொன்னார். புளியைச் சட்டியில் அள்ளிப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

உலகம் முழுக்க 2021ல் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள், அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஐந்து வயதுக்குக் கீழே என்று உலக சுகாதார நிறுவனம் எழுதியிருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு இப்படி ஆகவில்லை. உங்கள் அப்பாவிடம் ஒரு நாள் ஆற அமரக் கேளுங்கள், உங்கள் பாட்டிக்கு எத்தனை பிள்ளை, எத்தனை பேர் உயிரோடு தங்கினார்கள் என்று.

16.08.2025

வாய்க்காலில் தண்ணி விட்டாயிற்று. பிற்பகலில் போய்ப் பார்த்தோம், கரை தட்டி ஓடுகிறது. பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வேண்டும், தண்ணியைக் கண்ணிலேயே காட்டாமல் தோட்டத்தில் வளர்க்க முடியாது. கையைப் பிடித்துக்கொண்டு, பார்த்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்தோம்.

குடிவந்துவிட்டீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்பாவே பட்டிக்குக் கல்தூண் நட்டார் என்று படித்ததும் மாமனாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். படலுக்குக் கொண்டி எந்த உயரம் என்று கேட்கச் சொல்லியிருக்கிறார். எங்களுடையது மூன்றரை அடியில், உள்பக்கம் இருந்தது. போன வாரம் பாப்பா கவிழ்த்த வாளி மேல் ஏறி நின்று தம்பிக்குத் திறந்துவிட்டாள். வாளியைப் பட்டியிலிருந்து எடுத்துவிட்டோம். படல் நாலடிதான் என்பதால் பக்கத்துக் கல்தூணுக்கு ஒரு நீளச் சங்கிலி கொடுத்து, கொண்டியை வெளிப்பக்கம் ஐந்தடியில் வைத்துவிட்டோம். அத்தைக்கு எட்டுகிறது, நிற்க வைத்துப் பார்த்துவிட்டேன்.